பொமரேனியனா, இந்தியன் ஸ்பிட்ஸா? குட்டி வாங்கும் முன் எந்த வரிசையில் ஒப்பிட வேண்டும்

இந்த இரண்டு நாய் இனங்களுக்கும் இடையில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்விகளிலிருந்து தொடங்குகிறார்கள்: எது அழகு, எது என்ன விலை. எட்டு வார வயதில் இரண்டு குட்டிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு துலங்க ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும், பிள்ளைகள் பெயரும் வைத்திருப்பார்கள். ஆகவே கீழே உள்ள வரிசை முழுவதும் வளர்ந்த நாயை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது. குட்டி ஏழாவது படியில்தான் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள். குட்டியைக் கையில் ஏந்திய பிறகு யாரும் நிதானமாக ஒப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஓர் அறை வெப்பமானி, அளவு நாடா, ஒரு சிறிய தூக்குத் தராசு, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண். மருத்துவரை இப்போதே தேடிவைப்பதற்குக் காரணம் உண்டு. சிறிய நாய்களில் சில நெருக்கடிகள் சில மணி நேரத்துக்குள் முற்றிவிடும். அந்த நேரத்தில் முகவரி தேடிக்கொண்டிருக்க முடியாது.

1. உங்கள் வீட்டின் பிற்பகலை அளந்து பாருங்கள்

நாய் தூங்கப்போகும் இடத்தில் வெப்பமானியை வையுங்கள். பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, குளிர்சாதனம் இல்லாமல், மின்விசிறி மட்டும் ஓடும்போது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் அளந்தால் பயனில்லை. கத்திரி வெயிலில் அந்த அறை எப்படி இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியது. உடல் முழுவதும் வியர்த்துக் குளிர அதற்கு வழியில்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரைப்பு வேலை செய்ய வேண்டுமானால் நாக்கிலுள்ள ஈரம் ஆவியாக வேண்டும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் கோயம்புத்தூரில் 34 டிகிரியைச் சமாளிக்கும் நாய், சென்னையில் அதே 34 டிகிரியில் திணறும்.

இரண்டு இனங்களும் பிரியும் முதல் இடம் இதுதான். பொமரேனியனுக்கு இரட்டை முடி: வெளியே நீளமான முடி, உள்ளே நெருக்கமான அடிமுடி. மூக்கும் குட்டை. இந்தியன் ஸ்பிட்ஸுக்கு அடிமுடி லேசானது, முகவாய் (கண்ணுக்கு முன்னால் மூக்கு நுனி வரை நீளும் பகுதி) நீளம். நம் வெயிலில் பல தலைமுறைகளாக வளர்ந்த இனம் அது. உங்கள் அறை மே மாதத்தில் 32 டிகிரிக்கு மேல் நிற்கிறது, பகல் முழுவதும் குளிர்சாதனம் ஓட்டுவதும் இயலாது என்றால், பொமரேனியன் யோசனையை இங்கேயே கைவிடச் சொல்வேன். இந்த 32 என்பது என் எச்சரிக்கை எல்லை, மருத்துவ விதி ஒன்றுமில்லை. உதகை, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் இந்தப் படியைச் சுலபமாகத் தாண்டிவிடலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: "ஏசி இருக்கிறது" என்று முடிவு செய்துவிட்டு மின்வெட்டை மறந்துவிடுவது. ஆளில்லாத வீட்டில், சன்னல் சாத்திய அறையில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

2. வீட்டில் யார் யார் என்று எழுதுங்கள்

பொமரேனியனின் எடை 1.4 முதல் 3.2 கிலோ வரை. முன்னங்கால் எலும்பு ஒரு பென்சிலைவிடச் சற்றே தடிமன் இருந்தால் அதிகம். சோபாவிலிருந்து தாவும்போதும், ஐந்து வயதுக் குழந்தையின் கையிலிருந்து நழுவும்போதும் முறிவது அந்த எலும்புதான். சிறிய வகை இந்தியன் ஸ்பிட்ஸ் 5 முதல் 7 கிலோ இருக்கும். பெரிய வகை 12 கிலோவைத் தாண்டும். ஓடி விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஸ்பிட்ஸ்தான் பொருந்தும். பிள்ளைகள் நல்லவர்கள், கவனமாக இருப்பார்கள் என்று பெற்றோர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனாலும் நழுவுவது நழுவும்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, ஒருவராவது பகலில் வீட்டில் இருக்கிறார் என்றால் பொமரேனியன் நன்றாகப் பொருந்தும். அதற்கு அதிக நடை தேவையில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பதே பாதி வேலையை முடித்துவிடும். ஸ்பிட்ஸுக்குக் காலையிலும் மாலையிலும் இருபது, முப்பது நிமிட நடை வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தச் சக்தி செருப்பிலும் தலையணையிலும் இறங்கும்.

குரைப்பில் இரண்டுக்கும் வேறுபாடு தேடுவது வீண். இரண்டுமே அழைப்பு மணிக்கும், லிப்ட் சத்தத்துக்கும், எதிர்வீட்டுக் குக்கர் விசிலுக்கும் குரைக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இனத்தை மாற்றி இதிலிருந்து தப்ப முடியாது. குட்டிப் பருவத்திலேயே பழக்கினால்தான் குறையும். தெருவைப் பார்த்த சன்னல் ஓரத்தில் படுக்கையைப் போடாதிருப்பதும் உதவும்.

3. காட்டப்படும் நாய் எந்த இனம் என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். நம் ஊரில் "பொமரேனியன்" என்ற பெயரில் வளரும் வெள்ளைச் சடை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். 1980களிலும் 90களிலும் தெருவுக்கு ஒன்றாக இருந்தவை அவைதான். விற்பவர் எல்லோரும் ஏமாற்றுகிறார் என்பதில்லை. பலர் தாங்களே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் பொமரேனியன் விலை கொடுத்து ஸ்பிட்ஸ் வாங்கிவந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தால் தந்தையையும். தராசில் எடையையும், நாடாவால் தரையிலிருந்து தோள்மேடு வரையிலான உயரத்தையும் எடுங்கள். பொமரேனியன் 18 முதல் 24 சென்டிமீட்டருக்குள் இருக்கும். உயரம் மட்டும் போதாது, ஏனென்றால் சிறிய ஸ்பிட்ஸ் இந்த அளவைத் தொட்டுக்கொண்டே நிற்கும். எடைதான் காட்டிக்கொடுக்கும். குட்டி போட்ட தாய் இளைத்திருக்கும் என்பதை மனத்தில் கொண்டாலும், ஐந்து கிலோத் தாய்க்குப் பிறந்ததைப் பொமரேனியன் என்று ஏற்காதீர்கள்.

பிறகு முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். பொமரேனியனின் முகவாய் குட்டையானது, மூக்கு முதல் பின்தலை வரையிலான நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஸ்பிட்ஸின் முகவாய் நீண்டு, நரி முகச் சாயல் தெளிவாக இருக்கும். பொமரேனியனின் காதுகள் சிறியவை, நெருங்கி அமைந்தவை, பாதி முடிக்குள் மறைந்திருக்கும். ஸ்பிட்ஸின் காதுகள் பெரியவை, விறைத்து நிற்கும்.

நிறமும் துப்புக் கொடுக்கும். பொமரேனியனில் ஆரஞ்சு, வெண்மஞ்சள், கறுப்பு, பழுப்பு எல்லாம் உண்டு. தூய வெள்ளை குறைவு, விலையும் கூடுதல். ஸ்பிட்ஸில் வெள்ளைதான் மிகுதி. சில ஆயிரம் ரூபாய்க்குத் தூய வெள்ளைப் பொமரேனியன் என்று ஒருவர் சொன்னால், அது நல்ல ஸ்பிட்ஸாக இருக்கலாம். ஸ்பிட்ஸ் விலையைக் கொடுத்து மகிழ்ச்சியாக வாங்கிவாருங்கள்.

ஆவணம் இருக்கிறது என்றால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். இந்த அமைப்பு இந்தியன் ஸ்பிட்ஸையும் தனி இனமாகப் பதிவு செய்கிறது. சான்றிதழில் இனம், தாய் தந்தை பெயர், மைக்ரோசிப் எண் ஆகியவை இருக்கும். அந்த எண் குட்டியின் உடலில் உள்ள சிப்போடு பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் உள்ள கருவியால் படித்துப் பார்க்கலாம். வெறும் தாள் யாருடைய குட்டிக்கும் பொருந்தும்.

மிகச் சிறிய நாய் என்ற பொருளில் "டீகப்" என்று ஒரு சொல்லைக் கேட்பீர்கள். அப்படி ஓர் அங்கீகரிக்கப்பட்ட அளவே கிடையாது. வளர்ச்சி குன்றிய குட்டியும், உரிய வயதுக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டியும் இந்தப் பெயரில் கூடுதல் விலைக்குப் போகின்றன. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் தடுக்கின்றன. பற்களைப் பாருங்கள்: எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் வரிசையாக முளைத்திருக்க வேண்டும். ஈறு மட்டுமே தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

4. முடியை வேலையாகக் கணக்கிடுங்கள்

பொமரேனியனுக்கு வாரம் மூன்று, நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடமாவது சீவ வேண்டும். மேல்முடியை மட்டும் சீவினால் வெளியே பளபளக்கும், உள்ளே அடிமுடி சிக்காகிக் கம்பளம்போல் ஒட்டிவிடும். முடியைக் கையால் பிரித்து, தோல் தெரியும் வகையில் வரிவரியாகச் சீவ வேண்டும். உலர்ந்த முடியைச் சீவினால் அறுபடும் என்பதால் லேசாக நீர் தெளித்துக்கொள்ளுங்கள். காதின் பின்புறம், அக்குள், பின்தொடை ஆகியவை சிக்கு சேரும் இடங்கள். ஸ்பிட்ஸுக்கு வாரம் இரண்டு முறை போதும். முடி உதிரும் பருவத்தில் மட்டும் தினமும்.

வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மொட்டையடிப்பதுதான் கோடையில் நான் காணும் மிகப் பெரிய பிழை. இரட்டை முடி வெளிச்சூட்டையும் ஓரளவு தடுக்கிறது. அதை இயந்திரத்தால் ஒட்ட வழித்தால் வெயில் நேரடியாகத் தோலில் படும். பொமரேனியனில் வழித்த முடி மாதக்கணக்கில் முளைக்காமலே நிற்பதும், திட்டுத்திட்டாக முளைப்பதும் உண்டு. அடிவயிறு, பாதம், மலவாய்ச் சுற்று ஆகியவற்றைக் கத்தரிக்கலாம். முதுகைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரை பொமரேனியன் குட்டி தன் குட்டிமுடியை உதிர்த்துவிட்டு அலங்கோலமாக நிற்கும். நோய் என்று பயந்து எண்ணெயும் மருந்தும் தடவுகிறார்கள். தோலில் சிவப்பு, செதில், அரிப்பு இல்லையென்றால் பொறுத்திருங்கள், பெரிய முடி வரும்.

5. ஒவ்வோர் இனத்துக்கும் எந்த நோய் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொமரேனியனின் பட்டியல் நீளம். மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, குழாய் தட்டையாகிவிடும் கோளாறு இந்த இனத்தில் அதிகம். வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வரும். இதனால்தான் பொமரேனியனுக்குக் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டக் கூடாது, மார்புப் பட்டையே வேண்டும். அடுத்தது முழங்கால் சில்லு விலகுவது. ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு மூன்று எட்டு நொண்டிவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடும். வலி இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் காட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, உடல் எடை கூடினால் அது மோசமாகும்.

பற்கள் மூன்றாவது. சின்ன வாயில் நெருக்கியடித்து முளைப்பதால் பால்பற்கள் விழாமல் தங்கிவிடும். ஏழு மாதத்துக்குப் பிறகும் கோரைப்பல் இரட்டையாகத் தெரிந்தால் பிடுங்க வேண்டும். பெரும்பாலும் கருத்தடை அறுவையின் போதே, அதே மயக்க மருந்தில் இதையும் முடித்துவிடுவார்கள்.

ஸ்பிட்ஸுக்கு இவ்வளவு பட்டியல் இல்லை. அதன் எதிரி உடல் பருமன். இரண்டு இனங்களுக்கும் பொதுவான பெரிய அபாயம் உண்ணிக் காய்ச்சல். அடர்ந்த முடிக்குள் உண்ணி கண்ணில் படாது. நடந்து வந்ததும் விரலிடுக்கு, காதுமடலின் உட்புறம், கழுத்து ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். காய்ச்சல், உணவு மறுப்பு, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே இரத்தப் பரிசோதனை வேண்டும். உண்ணித் தடுப்பு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு மட்டும் என்று நிறுத்திவிடுவது தவறு.

பெண் நாய் வாங்குவதாக இருந்தால், கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு நடுவயதுக்கு மேல் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் இருப்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எந்த இனத்துக்கும் விதிவிலக்கில்லை. உயிரையே பறிக்கக்கூடியது.

6. உணவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

கருத்தடை செய்த மூன்று கிலோப் பொமரேனியனுக்கு ஒரு நாளுக்குச் சுமார் 250 கலோரி போதும். ஏழு கிலோ ஸ்பிட்ஸுக்குச் சுமார் 480. ஒரு மேரி பிஸ்கட்டில் இருபதுக்கு மேல் கலோரி இருக்கிறது. தாத்தா காபியோடு இரண்டு, பாட்டி மாலையில் இரண்டு என்று போட்டால் பொமரேனியனின் ஒரு நாள் உணவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஸ்பிட்ஸுக்கு அதே பிஸ்கட் ஐந்தில் ஒரு பங்குதான். நாய் கேட்டதும் தின்னக் கொடுத்துவிடும் இளகிய மனம் படைத்த வீடுகளுக்கு நான் ஸ்பிட்ஸைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தயிர்சாதத்திலேயே வளர்ந்த ஸ்பிட்ஸ்கள் ஏராளம். வயிறு நிறையும், ஆனால் புரதம் போதாது. சைவ வீடு என்றால் முட்டைக்காவது சம்மதமா, அல்லது நாய்களுக்கென்று தயாராகும் முழுமையான உலர் உணவைக் கொடுப்பீர்களா என்று வாங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் எதுவும் கூடாது. பாயசத்தில் மிதக்கும் திராட்சையும் இதில் அடக்கம். சிறிய உடலுக்குச் சிறிய அளவே நஞ்சாகும்.

7. குட்டியைப் பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். முதல் நாளே பணம் எடுத்துப் போகாதீர்கள். குட்டிகள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, கழிப்பது வரை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மலம் இளகியிருக்கிறதா, கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதில் நாற்றம் உண்டா என்று பாருங்கள். விலா எலும்பு துருத்தி, வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம். உச்சந்தலையை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். பொமரேனியன் குட்டிகளில் சிலவற்றுக்கு அங்கே எலும்பு மூடாமல் மெத்தென்று இருக்கும். அப்படி இருந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் முடிவெடுக்காதீர்கள்.

தாய் அந்நியரைக் கண்டு முதலில் குரைத்துப் பிறகு அடங்குகிறதா, கடைசிவரை உறுமுகிறதா என்பதையும் கவனியுங்கள். குட்டியின் குணத்தில் கணிசமான பங்கு அங்கிருந்து வருகிறது. மூலையில் ஒடுங்கும் குட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு எடுப்பவர்கள் உண்டு. முதல்முறை வளர்ப்பவருக்கு அது வேண்டாம் என்பேன்.

பேருந்து நிறுத்தத்திலோ வாகனத்திலோ வைத்துக் குட்டியைக் கைமாற்றலாம் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். தாயைக் காட்ட முடியாத காரணம் எதுவானாலும் அது உங்களுக்குச் சாதகமானதாக இருக்காது.

8. வீட்டுக்கு வந்த முதல் பத்து நாள்கள்

முதல் நாளே மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால் ஊசி போடப்படவில்லை என்றே கொள்ளுங்கள். பார்வோ (கடும் வாந்தியும் கழிச்சலும் தரும் வைரஸ் நோய்) போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும். இவை முடிந்து இரண்டு வாரமாகும் வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். உங்கள் செருப்பிலும் அது உள்ளே வரும் என்பதால் வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.

பொமரேனியன் குட்டிக்கு ஒரு நாளில் நான்கு வேளை சிறுசிறிதாக உணவு வேண்டும். வேளை தவறினால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, துவண்டு, வலிப்பு வரை போகலாம். துவண்டதைக் கண்டதும் ஈறில் தேனோ சர்க்கரைக் கரைசலோ தடவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். ஸ்பிட்ஸ் குட்டிக்கு மூன்று வேளை போதும். அதற்கு இந்தச் சிக்கல் அரிது.

பழைய உணவையே ஒரு வாரம் தொடருங்கள். புது உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். வந்த அன்றே உணவை மாற்றி, அன்றே குளிப்பாட்டி, அன்றே உறவினர் எல்லோரிடமும் தூக்கிக் கொடுத்தால் மூன்றாம் நாள் கழிச்சல் வரும். அது பார்வோவா, வெறும் வயிற்றுக் கோளாறா என்று தெரியாமல் எல்லோரும் பதறுவார்கள். இரத்தம் கலந்த கழிச்சலோ, அடுத்தடுத்து வாந்தியோ வந்தால் இரவானாலும் காத்திருக்காதீர்கள்.

இந்தப் பத்து நாள்களுக்குள் சோபா அருகில் ஒரு சாய்வுப் படியையோ தடித்த மெத்தையையோ போட்டுவிடுங்கள். மார்புப் பட்டையை முதலில் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் மாட்டிப் பழக்குங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் செல்லப்பிராணி உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள் என்பதால், அந்த ஊசி போட்ட அன்றே அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.